குழாய்ச் சண்டைக்கு எழுதிய வரி

"இனி எங்களுக்குள் எந்த மனவருத்தமும் இல்லை." இந்த வரியை டைப் அடித்தது நான்தான். ஒரு மனிதனை அடித்துக் கொன்றவனுடைய பத்து வருஷத் தண்டனையை மூன்று வருஷமாகக் குறைத்ததும் இந்த வரிதான். தீர்ப்பில் எழுத்து மாறாமல் எடுத்துப் போட்டிருந்தார்கள்.

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவில், பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. மனு எழுதக் கற்றுக்கொண்டது கடைக்கு வருகிறவர்கள் வாயிலிருந்துதான். ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று புகார் எழுத வந்த ஓர் அம்மா, "அவன் தராசுகூட என்னப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குது, எழுதிக்கோ" என்றார். அப்படியே எழுதினேன். அடுத்த வாரமே ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஜனங்கள் சொல்வதைச் சொன்னபடி எழுதுகிறவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அப்படிப்பட்ட நான், எழுதியே இருக்கக் கூடாத ஒரு தாளை, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன்.

கடைக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பம். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே படகு ஏற்றும் இடத்துக்காக இரண்டு பேருக்கு வாய்த்தகராறு. ஒருவர் போதும் என்று திரும்பி நடந்தார். மற்றவன் துடுப்பை எடுத்துப் பின்மண்டையில் போட்டான். செத்தவரின் மனைவிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. காலையில் ரோட்டோரம் மீன் விற்றுவிட்டு, கூடையை என் கடை வாசலில் கவிழ்த்து வைத்து டீ குடிக்கிறவள். தங்கச்சி மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் குப்பத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் ரத்தம் விழுந்துவிட்டால், இரண்டு குடும்பமும் பஞ்சாயத்தார் முன்னால் சமாதானத் தாளில் கையெழுத்துப் போடும்வரை ஒரு படகும் கடலில் இறங்காது. பழி வாங்குகிறேன் என்று தண்ணீருக்கு நடுவில் வெட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் போட்ட கட்டுப்பாடு. அதில் தப்பில்லை. கடலில் கை நீட்ட மாட்டோம் என்பதற்கு மேல் அந்தத் தாளுக்கு அர்த்தமும் இல்லை. கோர்ட்டு வேறு, தாள் வேறு. குப்பத்தில் இது தெரியாத ஆள் கிடையாது.

ஒன்பது நாள் படகுகள் மணலில் கிடந்தன. கருமாதிகூட ஆகவில்லை. காலிக் கூடையோடு பெண்கள் அவள் வாசலைக் கடந்து போனார்கள், ஒன்றும் சொல்லாமல். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். பத்தாம் நாள் கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுந்துவிட்டாள். ஊர்த் தலைவர் என் கடைக்கு வந்து, எப்போதும் அடிக்கிற மாதிரி ஒன்று அடித்துக்கொடு என்றார். கம்ப்யூட்டரில் பழைய தாள் ஒன்று இருந்தது. தெருக்குழாயில் யார் குடம் முன்னால் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டதற்கு அடித்தது. குடத்தை எடுத்துவிட்டேன், பெயர்களை மாற்றினேன், கடைசி வரியை அப்படியே விட்டேன். அவள் படிக்கவில்லை. எந்த இடத்தில் கையெழுத்து என்று மட்டும் கேட்டாள்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் பத்து வருஷம் போட்டார்கள். அவன் பக்கம் அப்பீல் போனார்கள். போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போனார்கள். இரண்டு குடும்பமும் மனவருத்தம் தீர்ந்து ஒரே ஊரில் ஒற்றுமையாக வாழ்கிறது, ஆகவே உள்ளே இருந்த காலமே போதும் என்று மேல்கோர்ட்டில் தண்டனையைத் திருத்தினார்கள். ஒற்றுமையாம். அவன் வீட்டுத் தெருவில் கால் வைக்கக் கூடாது என்று, தினமும் தலையில் கூடையோடு ஊரையே சுற்றி மணலில் நடந்து ரோட்டுக்கு வருகிறாள் அவள். தீர்ப்பு எழுதியவர்கள் யாராவது ஒரு நாள் அந்த மணலில் நடந்து பார்த்தார்களா?

தீர்ப்பு வந்த மறுநாள் காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் குப்பமே உட்கார்ந்தது. சிறுசேரிக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி பஸ்களும் மாமல்லபுரம் பார்க்க வந்த வேன்களும் கண்ணுக்கெட்டும் தூரம் நின்றன. மீட்டிங் இருக்கிறது என்று இறங்கி வந்து கெஞ்சிய ஒரு தம்பியிடம், உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "உன் மீட்டிங்கு நாளிக்கு வெச்சிக்கலாம் நைனா, எங்க ஆளு நாளிக்கும் வர மாட்டான்" என்றார். அந்தத் தம்பி திரும்பிப் போய் பஸ்ஸில் ஏறிக்கொண்டான். கூட்டத்துக்கு முன்னால் ஊர்த் தலைவர். ஒரு உயிருக்கு மூணு வருஷம்தானா என்று அவர் கேட்ட கேள்வி அன்று எல்லா டிவியிலும் ஓடியது.

சாயங்காலம் அரசாங்கத்தின் அறிக்கை வந்தது. தீர்ப்பு வருத்தம் தருகிறது, சட்டம் தெரிந்தவர்களைக் கலந்து ஆலோசித்து மேல்முறையீடு செய்வோம் என்று. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? ஏன் இன்னும் செய்யவில்லை என்று அவர்கள் ஓர் அறிக்கை. சுவரெல்லாம் போஸ்டர். ஒவ்வொன்றிலும் ஒரு கட்சித் தலைவர் முகம் முழுசாக, மூலையில் தபால்தலை அளவுக்கு அவள் முகம். கேட்டுத்தான் போட்டீர்களா என்று ஒட்டுகிறவரிடம் கேட்டேன். "அதெல்லாம் மேல பாத்துக்குவாங்கம்மா" என்று பசையைத் தடவினார்.

இரண்டு வாரத்தில் டிவிக்கு வேறு ஊர் கிடைத்துவிட்டது. அப்போதுதான் செங்கல்பட்டிலிருந்து அரசு வக்கீல் அவளுக்குச் சொல்லியனுப்பினார். டெல்லிக்கு அப்பீல் போக வேண்டுமானால் அந்தத் தாள்தான் தடை. அது படகுக்காகப் போட்டது, மன்னிப்பு இல்லை என்று பஞ்சாயத்தார் எழுதிக் கொடுக்கட்டும். கெடு முடிய அதிக நாள் இல்லை.

நானும் அவளும் ஊர்த் தலைவரைப் பார்க்கப் போனோம். மறியலில் அப்படிக் கத்தியவர், உடனே எழுதிக் கொடுப்பார் என்றுதான் நினைத்தோம்.

"அப்டி எழுதிக் குட்த்தா நாளிக்கு எவன் இந்தப் பேப்பர மதிப்பான்? அப்பறம் ஊர்க்கட்டு இன்னாத்துக்கு?" என்றார்.

"ரோட்ல ஒரு பேச்சு, வூட்ல ஒரு பேச்சாண்ணா?" என்றாள் அவள்.

"ரோட்ல டிவிக்காரன் நின்னுகினு இருந்தாம்மா."

வெட்கமே இல்லாமல், மழை வருமா என்று கேட்டால் பதில் சொல்வது மாதிரி சொன்னார்.

கடைக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். தலைவரை, அறிக்கை விட்டவர்களை, போஸ்டர் அடித்தவர்களை, தீர்ப்பு எழுதியவரை. ஷட்டரைத் தூக்கியபோதும் வாய் ஓயவில்லை. அவள் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

"எல்லாரையும் திட்டிட்ட. அந்த வரிய எழுதனது யாருக்கா?"

கையிலிருந்த ஷட்டர் கம்பியைக் கீழே வைத்தேன்.

"இல்லன்னு நீதான எழுதன. கீதுன்னு நீயே எழுது."

கம்ப்யூட்டரைப் போட்டேன். இந்த முறை பழைய தாள் எதையும் திறக்கவில்லை. நீ சொல்லு என்றேன். அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். ஊர் பட்டினி கிடக்கிறதே என்றுதான் கையெழுத்துப் போட்டேன், அவனை மன்னிக்கிறாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன், மனவருத்தம் இருக்கிறது. கடைசியில், "அவரு திரும்பிப் போய்க்கினு இருந்தாரு, அதயும் போடு" என்றாள். போட்டேன்.

குழாய்ச் சண்டைத் தாளையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு இருவரும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். அரசு வக்கீல் பழைய தாள்கள் இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதுல கொலைக்கு எழுதனது எதும்மா?"

காட்டினேன். அந்த இடத்தில் எனக்கு வந்த அவமானம் மாதிரி வாழ்க்கையில் வேறு எப்போதும் வந்ததில்லை. தாளை வாசகம் மாற்றாமல் நான்தான் அடித்தேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுக்க முடியுமா, ஊரில் தொல்லை வராதா என்று கேட்டார். வரும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவள் சொல்லி அடித்த தாளை வைத்து அவள் பக்கம் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"மொதல்ல படிச்சிக் காட்டு."

முழுசாகப் படித்துக் காட்டினேன். மனவருத்தம் இருக்கிறது என்ற இடத்தில் தலையை ஆட்டினாள். பிறகு பேனாவை வாங்கிக்கொண்டாள்.

கெடுவுக்குள் அப்பீல் டெல்லி போய்விட்டது. இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அவன் ஊரில் நடமாடுகிறான், அவள் மணலில் சுற்றிக்கொண்டுதான் வருகிறாள். குப்பத்துச் சமாதானத் தாள் எதையும் இப்போது என்னிடம் கொண்டுவருவதில்லை, எதிர்க்கடையில் அடிக்கிறார்கள். போன வாரம் அங்கே மிஷின் ரிப்பேர் என்று குப்பத்து ஆள் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க என்னிடம் வந்தார். வலை அறுந்த தகராறுக்கு அடித்த சமாதானத் தாள். கடைசி வரியைப் பார்த்தேன். அதே வரி, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

இதைப் படித்துவிட்டா கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எப்பவும் அடிக்கிறதுதானம்மா," என்றார், "ரெண்டு காப்பி போடு."