கூலி கேட்ட நெட்டைக் கோமதி அக்கா

நெட்டைக் கோமதி அக்கா போய்விட்டாள்... காலையில் அவள் மகள் சங்கரன்கோவிலிலிருந்து போன் செய்து சொன்னாள். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்த் தறி செட் ஒன்றில் நாங்கள் எட்டுப் பெண்கள் கையால் ராட்டை சுற்றித் தறிக்கு நூல் தயார் செய்துகொண்டிருந்தோம். எட்டில் மூன்று பேர் கோமதி, எங்கள் ஊர் அம்மன் பேர் அது.

அதனால் அவள் நெட்டைக் கோமதி, நான் குட்டைக் கோமதி. செட் வாசலில் குனியாமல் நுழைந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது நெற்றியில் இடித்துக்கொள்வாள்.

நான் பத்தாம் வகுப்பு பாஸ், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. அக்கா மூன்றாம் வகுப்போடு சரி, என்னைவிட ஆறு வயது மூத்தவள்.

மத்தியானம் என் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்து, "இதுக்குப் பேரு கொழம்பாட்டி?" என்பாள். தன்னுடையதில் பாதியை எனக்குக் கொட்டிவிடுவாள்.

ஒரு நாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், கரண்டில் நூல் சுற்றும் மிஷின் படம் போட்ட நோட்டீஸோடு செட்டுக்கு வந்தார். எட்டுப் பேர் வேலையை இரண்டே பேர் பார்த்துவிடலாம் என்றார்.

முதலாளி அண்ணாச்சி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்தான்யா. ஆனா எனக்குக் கட்டுபடியாகாது. கொறஞ்ச கூலிக்கு எட்டுப் பொம்பளைய சுத்தித் தாராவ, இத வாங்கி வச்சு நான் என்ன செய்ய?"

"ராஜபாளையத்துல ரெண்டு பேரு வாங்கிட்டாங்களேங்க."

"அங்கன மில்லு இருக்கு. பொம்பளைய மில்லுக்குப் போயிருதாவ, கூலியக் கூட்டுனாத்தான் ஆளு நிக்கும். இங்கன ஆளுக்கா பஞ்சம்?"

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அக்கா காதில் அது விழுந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே பேச்சு. "கேட்டியாட்டி? நாம மலிவா இருக்கதுனாலதான் அவருக்கு மிஷின் வேண்டாமாம்."

"வேண்டாம்னா நல்லதுதானக்கா. அது வந்தா நம்ம சோறு போயிரும்."

"வராட்டா என் தோளு போயிரும்," என்றாள்.

அப்போதே அவளால் வலது கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது. நான்தான் பின்னிவிடுவேன்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் எட்டுப் பேரும் அண்ணாச்சி முன்னால் போய் நின்றோம். ஆளுக்கொன்று பேசுவதாக ஏற்பாடு... அங்கே போனதும் ஏழு பேருக்கு வார்த்தை வரவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

"அண்ணாச்சி, இந்தக் கூலிக்கு இனி எங்களால முடியாது. கூலியக் கூட்டுங்க." அக்கா மட்டும்தான் பேசினாள்.

பெரிய சண்டை வரும் என்று பயந்தோம். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டுக் கூலியைக் கூட்டிவிட்டார். ஆளுக்கொரு பொட்டலம் காராச்சேவு வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்குப் போனோம்.

தை பிறக்கும் முன்னே மிஷின் வந்து இறங்கிவிட்டது.

இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தி அக்கா. நான் இல்லை.

அப்பா இளைப்பு நோயில் படுத்திருந்த நேரம் அது, வீட்டில் உலை கொதிப்பதே என் கூலியில்தான். ஆத்திரம் தாங்காமல் நடுத்தெருவில் அக்காவை மறித்துக் கேட்டுவிட்டேன். "ஒன் தோளுக்காக எங்க ஆறு பேரு சோத்தத் தின்னுட்டியேக்கா."

தெருவே பார்த்தது. அவள் என்னை விலகி நடந்து போய்விட்டாள்.

நான் பீடி சுற்றப் போனேன். நாலு வருஷம் பேச்சு கிடையாது... கோயிலில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இந்தக் குட்டை உடம்புக்குள் அவ்வளவு வீம்பு.

இதற்கு நடுவில் நுழைவுத் தேர்வு எழுதித் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தேன். தொழிற்புரட்சி ஏன் முதலில் இங்கிலாந்தில் வந்தது என்று ஒரு பாடம்.

நிலக்கரி, இரும்பு, கப்பல், அடிமை நாடுகளிலிருந்து அள்ளிய பஞ்சு... எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் இன்னொரு காரணம். அங்கே கூலி அதிகம், அதனால் மிஷின் வாங்குவது லாபம். கூலி மலிவான நாடுகளில் மிஷினுக்கு யாருக்கும் அவசரம் இல்லை.

அண்ணாச்சி சொன்ன அதே நியாயம். எனக்கு அதற்குமேல் படிக்க ஓடவில்லை. பீடித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் புத்தகத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"வா" என்றாள், அவ்வளவுதான். தலையை அவளே பின்னியிருந்தாள், கோணல்மாணலாக.

நின்றபடியே அந்தப் பக்கம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டாள்.

"கரி இருந்திருக்கு, சரி. கூலியும் கூடுதலா இருந்திருக்கு. அத ஆரு கேட்டு வாங்குனான்னு போட்டிருக்கா?"

"போடலக்கா."

"கேக்காம ஆரு கூலியக் கூட்டுவா? அங்கனயும் ஒருத்தி கேட்டிருப்பா." புத்தகத்தை வாங்கி மூடினாள். பிறகு மெதுவாக, "வேல போனவளுவ அவகூட அப்புறம் பேசுனாவளாமா?" என்றாள்.

இல்லை, அதுவும் போடவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி, உக்காரு. காப்பி போடுதேன்."

குடித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இத்தனை வருஷம் எல்லாம் பேசினோம்... அவள் மகள் கல்யாணம், எனக்கு வேலை கிடைத்தது, மூட்டுவலி, டிவி சீரியல். தெருவில் நான் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் இரண்டு பேருமே தொடவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அக்கா... நீ யார் சோற்றையும் தின்னவில்லை. நாலு பேர் பார்க்கச் சொன்னதை, நாலு பேர் பார்க்கவே இங்கே எழுதித் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

போய் வா.