பூனைதான் பேய் என்றார் மாமா

என் எழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். பொறுத்து வாசிக்க வேண்டும். பாறசாலைக்குப் பக்கத்தில் நான் நாலாம் வகுப்புவரை படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்தைப் பிற்பாடு கடைப்பலகைகளைப் பார்த்து நானாகப் பழகினேன்.

அன்று எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அம்மாவின் தம்பி மட்டும்தான். எங்கள் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்த காலம். மாமா கூட்டங்களுக்குப் போவார். ஞாயிறுதோறும் களியக்காவிளையிலிருந்து வாரப்பத்திரிகை வாங்கி வந்து, அதில் வரும் பேய்க்கதையை எங்களுக்கு வாசிப்பார்.

கதையில் ஒரு பெரிய வீடு. பூட்டிய அறைக்குள் தினமும் ஈரக்கால் தடம். கிணற்றில் விழுந்து செத்த மூத்த மருமகள் வருகிறாள் என்று பேச்சு. ஒருநாள் இளைய மருமகள் அந்த அறைக்குள் நுழைந்ததும் யாரோ வெளியே தாழ் போட்டுவிட்டார்கள். அத்தோடு அந்த வாரம் முடிந்தது.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாழ் போட்டது யார்? அவள் பிழைப்பாளா? கிணற்றடிக்குத் தனியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வந்த மாமா உட்காரவில்லை. வழியைப் பார்த்துக்கொண்டே நின்றபடி வாசித்தார். ஒரு பூனை தொட்டித் தண்ணீரில் விழுந்து எழுந்து நடந்ததாம், அதுதான் தடமாம். மருமகள் கதவைத் திறந்து வெளியே வந்தாளாம்.

"முடிஞ்சு" என்று பத்திரிகையை மடக்கினார்.

"பூனைக்கு மனுசக் காலா மாமா? வெளிய தாழ் போட்ட கதவ அவ எப்பிடித் திறந்தா?"

"எலே, பேய்க்கதைக்கும் வக்கீலு மாதிரி கேள்வி கேப்பியோ? அவ்வளவுதான் ஆக்கும்."

"பொய்யி! நீங்க பக்கத்த மறிச்சுப் புரட்டவே இல்ல."

மாமா சிரித்தார். "அந்தப் பிள்ள வெளிய வந்தாச்சுல்லா மக்கா? அது போதும். வாறேன்."

அம்மா அவித்த மரச்சீனிக் கிழங்கை வாழையிலையில் பொதிந்து அவர் கையில் திணித்தாள். அவர் புறவாசல் வழியே தென்னந்தோப்புக்குள் இறங்கினார். "அடுத்த வாரம் சரியான முடிவோட வரணும்!" என்று கத்தினேன். அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள்.

போராட்டத்துக்காக மாமாவைப் போலீஸ் தேடியதும், அன்றே நெய்யாற்றின்கரையில் அவர் பிடிபட்டதும் வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கதை அவளையும் ஏமாற்றிவிட்டது என்று நினைத்தேன். அருகே போய் அவள் தோளைத் தொட்டு, "கரையாத, அழாத அம்மா, அது பூனையா இருக்காது" என்று சொன்னேன்.

எழுதியது: ஆவணி 3, ஞாயிறு.