மரத்தளத்துக்குக் கீழே ஒரு போர்வை

கொலோன் நகரில் எங்கள் வீட்டுக்காரக் கிழவர், மரத்தளத்துக்குக் கீழே சுடுதண்ணீர்க் குழாய் போட்டு அறையைச் சூடாக்கித் தர ஒத்துக்கொண்டார். கூட இருந்த அண்ணைக்குத்தான் பெரிய அவசரம். மறுநாள் அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வர இருந்தார்.

கிழவர் மரச்சட்டங்களுக்கு இடையில் குழாய்களைப் பொருத்திவிட்டு, சூடு வீணாகாமல் தடுக்கும் பஞ்சையும் வைத்துப் பலகையால் மூடச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

"பஞ்சை எங்கயடா வைக்கிறது?" என்றார் அண்ணை.

"குளிருக்கு மேலதானே அண்ணை போர்க்கிறது" என்றேன், கம்பஸில் எஞ்சினியரிங் படித்த திமிரில். குழாய்களின் மேல் பஞ்சை அமத்திப் பரப்பி, பலகைகளை அடுக்கினோம். நான் சுத்தியலைத் தூக்கினேன்.

"பொறடாப்பா, முதல்ல சூடு வருதோ பாப்பம்."

சூட்டைப் போட்டுவிட்டு, சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலில் நின்றோம். எவ்வளவு நேரம் நின்றும் பலகை ஐஸ் மாதிரியே கிடந்தது.

"பிள்ளையை எங்கயடா கிடத்துறது?" என்றார் அண்ணை. குழாய் ஒழுகுதோ என்று பார்க்க நிலவறைக்கு இறங்கியவர், அங்கிருந்தே கத்தினார்.

"டேய்! எங்கட மன்னார் வெயில் முழுக்க இஞ்ச கிடக்கு! மேல மூடினா சூடு கீழதானே இறங்கும், மொக்கா!"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழாயில் பிழையில்லை, ஓர் ஆணியும் அடிக்கவில்லை. பலகைகளைத் தூக்கி, பஞ்சைக் குழாய்களுக்குக் கீழே திணித்தோம். இருட்டுவதற்குள் உள்ளங்கால் இதமாகச் சுட்டது.

அடுத்த நாள் அக்கா பிள்ளையைத் தளத்திலேயே துணி விரித்துக் கிடத்தினார். அது கையைக் காலை உதறிவிட்டு நித்திரையாகிவிட்டது.

"இனி ஆணியை அடி, எஞ்சினியர்" என்றார் அண்ணை. "ஆனா பிள்ளை எழும்பின பிறகு."