நால்வருக்கு ஒரே எண்

“துப்புரவு, ஒப்பந்தம்: பரிசோதனை முடிந்தது, நெஞ்சு சுத்தம்.” கணினித் திரையில் இருந்ததை 2007 மார்ச் மாத நாட்குறிப்பில் இப்படிக் குறித்திருக்கிறேன். செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனை ஊழியர்களின் காசநோய்ப் பரிசோதனையைக் கணினியில் ஏற்றுவது அப்போது என் வேலை.

அந்தப் பதிவுக்கு உரிய அம்மாள் காசநோய் வார்டைப் பெருக்குபவர். ஒல்லியான, உயரமான உருவம். யாரோடு பேசினாலும் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வார். வார்டைப் பெருக்கும் ஒப்பந்தப் பெண்கள் நால்வர் இருந்தும், மூன்றாம் ஆண்டும் எக்ஸ்ரேவுக்கு அவரே வந்து நின்றார்.

“வருஷா வருஷம் நீங்களேதான் வர்றீங்க?”

“நாலு பேருக்கும் சேத்து காண்ட்ராக்டர் ஒரே நம்பர்தான் குட்த்துகிறாரு சார். எனக்குத்தான் இருமல் இல்ல. அதான் என்னிய அனுப்புறாளுங்க.”

“மத்தவங்க?”

“கோவளத்துக்காரி ரெண்டு மாசமா இருமிகினு கீறா. படத்துல எதுனா வந்தா வேல பூடும்ல?”

திரையில் அந்த எண்ணுக்கு நேரே மூன்று ஆண்டுகளும் ‘நோய் இல்லை’ என்று பச்சையாகவே இருந்தன.

அன்றே மருத்துவரிடம் சொன்னேன். ஆளுக்கொரு எண் வந்தது. ஆனால் கோவளத்துக்காரர் அதற்குள் வேலையை விட்டுவிட்டார்.

“கல்பாக்கத்தாண்ட கொயந்தைங்கள பாத்துக்கிற எடத்துல சேந்துகிறாளாம்” என்றார் அந்த அம்மாள். அன்று மட்டும் அவர் முகத்தைத் திருப்பவில்லை.

அது உண்மையா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.