மாமா பிடித்த கொடி

மகனைத் திண்டுக்கல்லில் குடிநோய் சிகிச்சை மையத்தில் விட்டுவிட்டு எங்கள் ஊர் பேத்துப்பாறைக்குத் திரும்பும் பஸ்ஸில் என் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. கை நடுங்கினால் எனக்கு மாமா ஞாபகம்தான்.

எங்கள் பளியர் குடியில், பாறையில் கொடியைப் பிடித்துத் தொங்கித் தேனெடுப்பவனுக்கு மேலே நின்று கொடியைக் காப்பவன், அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவளை விதவையாக்க எவனும் துணியமாட்டான் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் சாராயத்தைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அம்மாவின் ஒரே தம்பியான மாமா, பெரும்பாலும் வழியில்தான் கிடப்பார்.

அந்த வருடம் தேனடைகள் முற்றியபிறகு, அப்பா தினமும் வெள்ளனே மாமா வீட்டுக்குப் போவார். நானும் பின்னாலேயே ஓடுவேன். அப்பா எதுவும் கேட்கமாட்டார். மாமா தானாகவே இரண்டு கைகளையும் நீட்டுவார். அவை நடுங்கும். அப்பா திரும்பிவிடுவார்.

அம்மா தன் பெரியப்பா மகனைக் கூப்பிடச் சொன்னாள். "அவரும் எனக்கு அண்ணந்தான? ஈ பறந்துட்டா வெறும் மெழுகத்தான் நக்கணும்."

"ஒந்தம்பி வரட்டும்" என்றார் அப்பா.

எனக்கு அது அசட்டுப் பிடிவாதமாகத் தோன்றியது.

ஒருநாள் காலையில் மாமாவே எங்கள் வாசலுக்கு வந்தார். குளித்திருந்தார். கண்கள் குழிவிழுந்திருந்தன. நீட்டிய கைகள் அசையவில்லை.

"பயமா இருக்கு மச்சான். வேற ஆளப் பாருங்க."

"எனக்குந்தான் பயம் மாப்ள. வா, சோலி கெடக்கு."

பாறையில் நான் அப்பாவைப் பார்க்கவே இல்லை. மாமாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொடியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அழுதுகொண்டிருந்தார். வழியும் மூக்கைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

அப்பா ஏறி வந்தபோது, நாள் கடந்துவிட்டதால் அடையில் பாதி காலி. முதல் துண்டை மாமாவின் வாயில் வைத்தார். இதற்குத்தானா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று நான் முகத்தைச் சுளித்தேன்.

மாமா அதற்குப் பிறகும் குடித்தார். ஆனால் தேன் காலம் நெருங்கினால் தொடமாட்டார். வருடத்துக்கு வருடம் அந்தக் காலம் நீண்டுகொண்டே போய், கடைசியில் குடிப்பதற்குக் காலமே இல்லாமல் போனது.

என் மகன் தடுமாறத் தொடங்கியதும் நான் எங்கள் கடைச் சாவியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவன் மேய்த்த ஆடுகளை வேறு ஆளிடம் விட்டேன். உன் அக்கா குழந்தையைத் தூக்காதே என்றேன். இன்று மையத்தில், "வீட்ல ஒங்க பொறுப்புல என்ன இருக்கு தம்பி?" என்று கேட்டார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

அன்று அப்பா தேனுக்காகத்தான் பாறையில் இறங்கினார் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.