எந்த நாட்டைத் துறக்கிறாய்?

என் சின்னம்மா சிட்னியில் அமெரிக்க வரலாறு படித்துக்கொண்டிருந்தார். அம்மாவின் தங்கை, நகரின் ஹோம்புஷ் பகுதியில் எங்கள் பிளாட்டிலேயே இருந்தார். கப்பலில் போய் இறங்கிய ஐரிஷ்காரரும் இத்தாலியரும் எத்தனை தலைமுறைக்குப் பிறகு தங்களை அமெரிக்கர் என்று சொல்லத் தொடங்கினார்கள், மற்றவர்கள் அதை எப்போது ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. கணக்கியலோ கணினியோ படிக்காமல் இது என்ன படிப்பு என்று அப்பாவுக்கு ஓயாத குறை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் வகுப்பில் பேசவிருந்ததை எங்கள் முன்னால் ஒத்திகை பார்த்தார். அதில் அவர் குடிவரவு அதிகாரி. எட்டு வயதான நான் அம்மாவின் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு கப்பலால் இறங்கியவள். அப்பா கதிரையில் இருந்து தேநீர் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை எங்களுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை வழங்கும் விழா. அதற்காக அவருடைய கோட்டு சலவைக்குப் போய் வந்திருந்தது.

அமெரிக்கக் குடியுரிமை பெறுவோர் எடுக்கும் சத்தியப்பிரமாணத்தைச் சின்னம்மா தமிழாக்கிக் கேட்டார்.

"உன்ர பழைய நாட்டை முற்றாகத் துறக்கிறியோ?"

"யெஸ்!"

"எந்த நாட்டை?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. போருக்குத் தப்பி வந்தபோது நான் கைக்குழந்தை. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்பா, எங்கட நாடு எது?"

அப்பா தேநீரை ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தார். எனக்குப் பொறுமையில்லை.

"ஹோம்புஷ்!" என்றேன்.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா மட்டும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இங்கத்தைச் சத்தியத்திலயும் இப்பிடிக் கேப்பினமோ?"

"இல்லை அத்தான். இங்க ஒண்டையும் விடச் சொல்லிக் கேக்கிறேல்லை."

"கேட்டாலும் பரவாயில்லை," என்றார் அப்பா. "விடுறதுக்கு எங்களிட்ட ஒண்டு இருந்தது எண்டாவது ஆகும்."

சின்னம்மா கையிலிருந்த தாளைப் புத்தகத்துக்குள் செருகினார். அதற்குப் பிறகு ஒத்திகை தொடரவில்லை. அப்பா எழுந்து பல்கனிக்குப் போய், இன்னும் காயாத உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

எனக்கோ ஒரே வெட்கம். பத்திரிகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிக்கிற அப்பாவுக்கு, இவ்வளவு சின்னக் கேள்விக்கு விடை தெரியவில்லையே! பள்ளிக்கூடத்தில் யாருக்கும் சொல்லிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்துக்கொண்டேன்.