லோகுவுக்கு எங்கே வலித்தது

குணசுந்தரியின் தம்பி லோகுவுக்கு முப்பத்தாறு வயது. பேச்சென்று பார்த்தால் ஏழெட்டுச் சொற்கள்தான். பசித்தால் தட்டைத் தட்டுவான், பயந்தால் காதைப் பொத்திக்கொள்வான். எங்கே வலிக்கிறது என்று காட்ட மட்டும் அவனுக்கு வந்ததே இல்லை. அம்மா போன பிறகு கவரைப்பேட்டை வீட்டில் அக்காவும் தம்பியும்தான். குணசுந்தரி கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனிக்குப் போவாள். அவள் திரும்பும்வரை பக்கத்து வீட்டுத் திலகவதி லோகுவைப் பார்த்துக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் அவன் கால் செருப்புக்குள் நுழையவில்லை. பெரிய செருப்பாக வாங்கிப் போட்டாள். பிறகு சோற்றைத் தள்ளினான், காலையில் வாந்தி எடுத்தான், முதுகை ரத்தம் வரச் சொறிந்தான். ஊர் கிளினிக் டாக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இந்த மாதிரி பசங்க இப்டித்தாம்மா, முரண்டு பண்ணுவாங்க. ராத்திரி குடுக்கற தூக்க மாத்திரையக் கொஞ்சம் ஏத்திக் குடு."

ஏற்றிக் கொடுத்தாள். லோகு தூங்கினான். சரியாகிவிட்டது என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் மூச்சிரைக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆம்புலன்ஸில் திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டுத் தூங்கவைத்துத்தான் ரத்தம் எடுக்க முடிந்தது. டாக்டர் மோனிகா அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப்போச்சும்மா. ரொம்ப வருஷமா பிரஷர் இருந்திருக்கும். யாருமே பாக்கலையா?"

"கையில பட்டை கட்னா கத்துவான் மேடம். அத்தோட உட்ருவாங்க."

"ரத்தம், யூரின்?"

"ஊசியப் பாத்தா கடிச்சிடுவான்."

மோனிகா ரிப்போர்ட்டை மடித்தாள். "வாயத் தொறந்து சொல்ல முடியாதவங்களுக்குத்தாம்மா இதெல்லாம் மொதல்ல பாக்கணும்."

குணசுந்தரிக்கு அழுகை வரவில்லை. ஷிப்டுக்குச் சொல்லாமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. பிறகு அதுவும் தோன்றவில்லை.

கழுத்தில் குழாய் வைத்து, முதல் டயாலிசிஸ் மயக்கத்திலேயே நடந்தது. ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுக்க முடியாது என்றார்கள். மிஷினைப் பார்த்துக்கொள்ளும் சுப்பிரமணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாலு மணி நேரம் அசையாம இருக்கணும்க்கா. டியூப புடுங்கிட்டா பேஜாராப் பூடும். இவரு இருக்கமாட்டாரு."

"சும்மா பக்கத்துல குந்த வெச்சிக்கினு இருக்கட்டுமா? இன்னிக்கி எதுவும் மாட்டவேணாம்."

குணசுந்தரி அவனை மிஷின் பக்கத்தில் சும்மா உட்காரவைத்தாள். அடுத்த கட்டில்காரரின் மிஷினில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. லோகு குனிந்து அதையே பார்த்தான். வீட்டில் கிரைண்டர் ஓடும்போதும் அப்படித்தான் பார்ப்பான். காதைப் பொத்தவில்லை.

மறுநாள் சுப்பிரமணி கட்டிலைச் சக்கரம் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டார். கழுத்துக் குழாயில் டியூபை மாட்டும்போது லோகு அலறினான். குணசுந்தரி அவன் இரண்டு கைகளையும் மெத்தையோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். சக்கரம் சுற்றியதும் அலறல் நின்றது. எல்லாத் தடவையும் நிற்கவில்லை. ஒருமுறை டியூபை இழுத்துவிட்டான். போர்வையும் அவள் சுடிதாரும் ரத்தத்தில் நனைந்தன. அந்தச் சுடிதாரோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, துவைத்துக் காயப்போட்டாள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனி வேலை போய்விட்டது. ஊரிலேயே தையல் கடையில் நூல் வெட்டுகிறாள். தண்ணீர் அளவாகத்தான் தரவேண்டும் என்பதால் குழாயடிக் கதவைப் பூட்டி வைத்திருக்கிறாள். லோகு அந்தக் கதவைத் தட்டுவான். அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். சொந்தக்காரர்கள் போனில் "பாவம்" என்பார்கள். "ஆமா" என்பாள்.

திலகவதியின் மகள் கல்பனாவும் பேச்சு வராத பெண்தான். ஒருநாள் குணசுந்தரி அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"கல்பனாவ நாளிக்கி எங்களோட இட்னு வா. ரத்தம், யூரின், பிரஷர், மூணும் பாக்கணும்."

"அவளுக்கு இன்னாக்கா? நல்லாத்தான கீறா?"

"இவனும் நல்லாத்தான் இருந்தான்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் குணசுந்தரி பிரஷர் பட்டையை முதலில் தன் கையில் கட்டிக் காட்டினாள். பிறகு லோகு கையில். அப்புறம் கல்பனா தானாகவே கையை நீட்டினாள். பிரஷர் இந்த வயதுக்கு அதிகம் என்றாள் மோனிகா; ரத்த, யூரின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, கிட்னி இன்னும் கெடவில்லை, மாத்திரையை நிறுத்தாமல் போட வேண்டும் என்றாள். திலகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"மாத்திரை கீழ குடுப்பாங்க. மத்தியானம் மூடிடுவான், போ" என்றாள் குணசுந்தரி. மேலே லோகுவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.